இன்ஜின் ஆயில்ல கடல் தண்ணி ஏறிருச்சா? மொதல்ல சாவிய கழட்டி பாக்கெட்ல போடுங்க

போட்டு (படகு) இன்ஜின்ல ஆயில் அளவு பாக்குற டிப்ஸ்டிக்க உருவுறீங்க, கருப்பா வர வேண்டிய ஆயிலு ஜிகர்தண்டா கலர்ல வருது, நேத்து இருந்த லெவலுக்கு மேல ரெண்டு விரக்கடை ஏறிக் கெடக்கு. உடனே எல்லாரும் செய்ற வேலை என்னன்னா, "சரி ஒருக்க ஸ்டார்ட் பண்ணி சவுண்ட பாப்போம்"ங்கிறது. அத மட்டும் செய்யாதீங்க. சிலிண்டருக்குள்ள தண்ணி நின்னா பிஸ்டன் மேல வரும்போது அது காத்து மாதிரி அமுங்காது, பிஸ்டன தள்ளுற கன்ராடுதான் வளையும், அதுக்கு ஸ்டார்ட்டர் மோட்டாரு சுத்துற சுத்தே போதும். சாவிய கழட்டுங்க, பேட்டரி ஒயர உருவுங்க, கடல் தண்ணி உள்ள வர்ற வால்வ மூடுங்க. இந்த மூணும் முடிச்சுட்டு வந்து மிச்சத்த படிங்க.

எங்க பட்டறை மதுரை விரகனூர் பக்கம். வைகையில தண்ணி வந்தாலே பாலத்துல வண்டிய நிறுத்தி வேடிக்கை பாக்குற ஊரு இது, ஒனக்கென்னப்பா போட்டு இன்ஜின பத்தி தெரியும்னு கேப்பீங்க. ராமேஸ்வரம் ரோடு நம்ம வாசல் வழியாத்தான போகுது. மானாமதுரை பரமக்குடி தாண்டி மண்டபம் பாம்பன்ல இருந்து கிராங்க் கிரைண்டிங்குக்கும் எஃப்ஐபி பம்பு (டீசல் பம்பு) செட்டிங்குக்கும் லைனர் (பிஸ்டன் ஓடுற குழாய்) போர் வேலைக்கும் இங்கிட்டுத்தான் ஏத்தி விடுவாய்ங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு மீன்பிடி தடை, விசைப்படகு பூராம் கரையில நிக்கும், அந்த ரெண்டு மாசம் எங்களுக்கு சோறு திங்க நேரம் இருக்காது.

அப்படி ஒரு வருசம், சித்திரைத் திருவிழா எதிர்சேவை அன்னைக்கு சாயங்காலம் பாம்பன்ல இருந்து ஒரு ஆறு சிலிண்டர் இன்ஜின் லோடு வண்டியில வந்து எறங்குச்சு. இன்ஜின் அடியில ஆயில் நிக்கிற தொட்டிய சம்ப்னு சொல்லுவோம், அதுல ஆயில் பூராம் பால் டீ மாதிரி. கூட வந்த போட்டு டிரைவர் அண்ணன் "தம்பி, சம்ப்புல தண்ணி ஏறிருச்சு, பாத்து செஞ்சு குடுங்க"ன்னு சொல்லிட்டு அதே வண்டியில ஏறிப் போயிட்டாரு. பசங்க ஒருத்தனும் நிக்கல, எல்லாவனும் தல்லாகுளம் கெளம்பிட்டாய்ங்க, மறுநாள் விடிகாலை அழகர் ஆத்துல எறங்குறாரு, நான் மட்டும் என்னத்த செய்ய. ஆயில வடிச்சு விட்டேன், டீசல் பீச்சுற நாசில் பூராம் கழட்டி வச்சேன், அப்புறம் ஷட்டர எறக்கிட்டு நானும் போயிட்டேன். மூணு நாள் கழிச்சு வந்து ஹெட்ட (சிலிண்டர் மேல இருக்கிற மூடிய) தூக்குனா ரெண்டு லைனர்ல துரு வளையமா நிக்குது, ரிங்கு பிஸ்டனோட ஒட்டிக்கிட்டு அசைய மாட்டேங்குது, பேரிங் ஷெல்லுல ஊசி குத்துன மாதிரி புள்ளி புள்ளியா அரிச்சிருக்கு. கடல்ல இருந்த வரைக்கும் அந்த இன்ஜினுக்கு அம்புட்டு சேதம் இல்ல, எங்க பட்டறையில நான் வடிச்சு விட்டு காத்தோட்டமா தெறந்து போட்ட மூணு நாள்லதான் செத்துச்சு. லைனர் செலவ நான்தான் ஏத்துக்கிட்டேன், வேற என்ன செய்றது.

ஏன் அப்படி ஆச்சுங்கிறது வெளங்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. கடல் தண்ணியில லிட்டருக்கு சுமாரா 35 கிராம் உப்பு. அந்த உப்பு தண்ணியில கரையுமே தவிர ஆயில்லயும் கரையாது டீசல்லயும் கரையாது. நீங்க ஆயில வடிச்சா ஆயில் போகும், தண்ணியும் முக்காவாசி போகும், ஆனா இரும்பு மேல ஒட்டுன ஈரத்துல இருக்கிற உப்பு அங்கனயே நிக்கும். ஈரம் காய காய உப்பு கெட்டியாகும், அதோட காத்தும் பட்டா மணிக்கணக்குல துரு ஆரம்பிச்சிரும். அப்ப துருவுக்கு ஈரமும் வேணும் காத்தும் வேணும், உப்பு அத வேகமாக்கும், இதுல நம்மளால ஒடனே நிறுத்த முடிஞ்சது காத்து, அடுத்து கழுவி எடுக்க வேண்டியது உப்பு. "ஆயில் மாத்தியாச்சுண்ணே"ன்னு எவனாவது போன் பண்ணா நான் கேக்குற மொத கேள்வியே, உப்ப என்ன செஞ்சீங்கங்கிறதுதான்.

சரி, உள்ள இருக்கிறது கடல் தண்ணிதானான்னு மொதல்ல பாக்கணும், சும்மா பயந்து இன்ஜின பிரிச்சவங்களும் இருக்காங்க. ஆயில் ஊத்துற மூடிக்கு அடியில மட்டும் வெள்ளையா வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கு, டிப்ஸ்டிக்குல ஆயில் சுத்தமா இருக்கு, லெவலும் ஏறலன்னா அது பெரும்பாலும் வேர்வைத் தண்ணி, சூடேற முன்னாடியே அணைச்சு அணைச்சு ஓட்டுற இன்ஜின்ல வரும். லெவல் ஏறியிருந்தாத்தான் கவலைப்படணும். கொஞ்சமா சந்தேகம்னா ஒரு பழைய தோசைக்கல்ல நல்லா சூடு பண்ணி ஒரு சொட்டு ஆயில விடுங்க, கடுகு தாளிக்கிற மாதிரி படபடன்னு பொரிஞ்சா தண்ணி இருக்கு, ஆயிரத்துல ஒரு பங்கு இருந்தாக்கூட காட்டிக் குடுத்துரும். மூஞ்சிய தள்ளி வச்சுக்கங்க, பக்கத்துல டீசல் கேன் வேணாம், வீட்டு அடுப்படியில செஞ்சு வாங்கிக் கட்டிக்காதீங்க.

அது கடல் தண்ணியா, இல்ல இன்ஜின குளிர வைக்க உள்ள ஓடுற கூலண்ட்டான்னு பாக்கணும்னா, ஆயில ஒரு கண்ணாடி பாட்டில்ல ஊத்தி ராத்திரி பூராம் ஆடாம வைங்க, அடியில தண்ணி பிரிஞ்சு நின்னா அத எடுத்து ஒரு எவர்சில்வர் மூடியில காய வைங்க. கடல் தண்ணின்னா வெள்ளையா உப்பு பூத்து நிக்கும். தெரிஞ்ச காலேஜ் லேப் இருந்தா இன்னும் சுளுவு, நைட்ரிக் ஆசிட் ரெண்டு சொட்டு விட்டு சில்வர் நைட்ரேட் விட்டா பிளஸ் டூ பிராக்டிகல் நோட்டுல எழுதுனோமே "தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு", அதேதான். குழாத் தண்ணிக்கும் லேசா கலங்கும், ஆனா கடல் தண்ணிக்கு உண்மையிலயே தயிரா விழும். நக்கிப் பாக்குற மெக்கானிக்கும் இருக்காய்ங்க, கூலண்ட்டா இருந்தா அது விசம், வேணாம்யா.

தண்ணின்னு முடிவாயிருச்சா, இப்ப கழட்டுற வேலை. நாசில் எல்லாத்தையும் கழட்டுங்க, ஓட்டைக்கு மேல பனியன் வேஸ்ட்ட போட்டு மூடிட்டு ஃப்ளைவீல கம்பி போட்டு கையால ரெண்டு முழு சுத்து மெதுவா சுத்துங்க. சிலிண்டர்ல தண்ணி நின்னா பீச்சிக்கிட்டு வெளிய வரும், அந்தப் பக்கம் தலைய நீட்டாதீங்க. கைக்கு சுத்த மாட்டேங்குதுன்னா முரட்டுத்தனமா நெம்பாதீங்க, சிலிண்டருக்குள்ள டீசலும் ஆயிலும் கலந்து ஊத்தி ஒரு நாள் ஊற விட்டு அப்புறம் பாருங்க. இன்ஜின் உச்சியில இருக்கிற டாப்பெட் கவரையும் தூக்கிப் பாருங்க, அங்க மேல வரைக்கும் வெள்ளை படிஞ்சிருந்தா தண்ணியோட இன்ஜின் ஓடியிருக்குன்னு அர்த்தம், சம்ப்புல மட்டும் நின்னா நீங்க அதிர்ஷ்டக்காரரு.

அடுத்து வடிக்கிறது. போட்டுல இன்ஜின் உக்காந்திருக்கிற லட்சணத்துக்கு சம்ப் நட்டுக்கு கை போகாது, டிப்ஸ்டிக் ஓட்டை வழியா டியூப விட்டு கை பம்பால உறிஞ்சுங்க. டியூபு அடி தொடுதான்னு பாத்துக்கங்க, தண்ணி ஆயில விட கனம், அடியிலதான் நிக்கும், மேலோட்டமா உறிஞ்சா நல்ல ஆயில எடுத்துட்டு தண்ணிய விட்டுட்டு வருவீங்க. ஆயில் ஃபில்டரையும் கழட்டுங்க, அதுக்குள்ளயும் ஒரு குண்டான் தண்ணி நிக்கும். ஆயில் கூலர்ல, அதுக்கு போற ஹோஸ்ல நிக்கிறத நெறைய பேரு மறந்துருவாங்க, புது ஆயில் ஊத்துன ஒடனே மறுபடி பால் கலர் வர்றதுக்கு பாதி நேரம் இதுதான் காரணம்.

இப்ப ரெண்டு வழி பிரியுது. தண்ணி கொஞ்சமா கலந்துச்சு, அன்னைக்கே கண்டுபிடிச்சாச்சு, இன்ஜின் கைக்கு லேசா சுத்துது, தண்ணி வர்ற வழியையும் அடைச்சாச்சுன்னா (அது எப்படின்னு கீழ சொல்றேன், அதுக்கு முன்னாடி ஓட்டாதீங்க) ஆயில மாத்தி மாத்தியே கழுவிரலாம். வெலை கொறஞ்ச ஆயில் வாங்குங்க, அதுல பத்துல ஒரு பங்கு டீசல் சேத்து லெவலுக்கு ஊத்துங்க, புது ஃபில்டர் போட்டு லோடு குடுக்காம ஐடில்ல அஞ்சு பத்து நிமிசம் ஓட்டுங்க, ஆயில் பிரஷர் முள்ளுல கண்ணு இருக்கணும், எறங்குச்சுன்னா டக்குன்னு அணைச்சிருங்க. சூட்டோட வடிங்க. திரும்ப ஊத்துங்க, திரும்ப ஓட்டுங்க, திரும்ப வடிங்க. மூணு தடவையும் ஆகலாம் அஞ்சு தடவையும் ஆகலாம், கணக்கு கெடையாது, வர்ற ஆயில் கலருதான் கணக்கு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சின்ன கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு நம்பர் போட்டு வரிசையா வச்சீங்கன்னா மொத பாட்டிலு மோரு மாதிரியும் கடைசி பாட்டிலு ஆயில் மாதிரியும் கண்ணுக்கே தெரியும், ஓனருக்கும் எதுக்கு இம்புட்டு ஆயில் வாங்குனன்னு கேக்க வாய் வராது.

ரெண்டாவது வழி, போட்டு முங்கிருச்சு, இல்ல தண்ணி அளவு தெரியாம ஏறிருச்சு, இல்ல நாள் கணக்குல நின்னுருச்சு. இங்க ஆயில் வச்சு மட்டும் கழுவுனா உப்பு போகாது. நல்ல தண்ணி வச்சு கழுவணும். இன்ஜினுக்குள்ள நானே தண்ணி ஊத்துறதான்னு ஆளுங்க பயப்படுவாங்க, ஏற்கனவே கடலே உள்ள போயிட்டு வந்திருக்கு, இனிமே ரெண்டு கொடம் நல்ல தண்ணியில என்ன ஆகப் போகுது. ஆயில் ஊத்துற வாய் வழியா ஊத்துங்க, சிலிண்டருக்குள்ளயும் ஊத்துங்க, கையால மட்டும் சுத்துங்க, வடிங்க. ரெண்டு மூணு தடவை. ஒடனே, காய விடாம, டீசல ஊத்தி இதே மாதிரி சுத்தி வடிங்க, கடைசியில ஆயில்.

எந்தத் தண்ணிங்கிறது முக்கியம். ராமநாதபுரம் பக்கம் போர் தண்ணிய ஊத்துனா உப்புக்கு உப்பு மாத்துன கதையாயிரும், மதுரையிலயே பாதி ஏரியாவுல போரு உப்புத்தான். காவிரிக் குழாயில வர்ற தண்ணி, இல்ல கேன் தண்ணி, குடிக்க நல்லா இருக்கிற தண்ணி எதுவோ அது. கடைசி அலசலுக்கு பேட்டரி டிஸ்டில்டு வாட்டர் கெடச்சா ரொம்ப நல்லது.

அன்னைக்கே வேலைய முடிக்க முடியாதுன்னா என்ன செய்றது? நல்ல தண்ணியில அலசிட்டு, இன்ஜின் பூராம் டீசல ரொப்பி வச்சிருங்க. சம்ப்பு, சிலிண்டர், டாப்பெட் வரைக்கும் ஏற ஏற ஊத்துங்க. காத்து படாது, துரு நிக்கும், ரெண்டு மூணு நாள் தாங்கும். பக்கத்துல வெல்டிங் வைக்காதீங்க. நான் அன்னைக்கு எதிர்சேவைக்கு போறதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேரம் இத செஞ்சிருந்தா அந்த லைனர் பொழச்சிருக்கும், டீசலும் வீணாப் போகாது, வடிகட்டி சாமான் கழுவ வச்சுக்கலாம். முங்குன இன்ஜினுக்கு ஸ்டார்ட்டர், டைனமோவையும் கழட்டி நல்ல தண்ணியில அலசி காய வைக்கணும், டீசல் லைன், ஃபில்டர், டேங்க் எல்லாத்தையும் வடிக்கணும், கியர் பாக்ஸ் ஆயிலையும் உருவிப் பாக்கணும், அதுவும் பால் கலர்தான் இருக்கும், பாருங்க.

கழட்டுன ஃபில்டர தூக்கி எறியாதீங்க. கத்திரி போட்டு வெட்டி பேப்பர விரிச்சு வெயில்ல பாருங்க. வெள்ளி மாதிரியோ செம்பு மாதிரியோ மினுமினுன்னு பொடி இருந்தா பேரிங் பேச ஆரம்பிச்சிருச்சு, அப்ப கழுவி ஓட்டுற பேச்சே கெடையாது, சம்ப்ப எறக்கி கிராங்க பிடிச்சிருக்கிற பேரிங் மூடியில ஒரு பிக் எண்டு ஒரு மெயின் கேப்பயாவது கழட்டிப் பாக்கணும். தண்ணி கலந்த ஆயில் படலம் தாங்காது, கிராங்கும் ஷெல்லும் நேரடியா ஒரசும். பால் கலர் ஆயிலோட எவ்ளோ நேரம் ஓட்டுனீங்கன்னு டிரைவர்கிட்ட உண்மையைக் கேளுங்க. அவரு அஞ்சு நிமிசம்னு சொன்னா அது கரை வந்து சேர்ற வரைக்கும்னு வச்சுக்கங்க. அவரும் பாவம், நடுக்கடல்ல நிறுத்த முடியுமா.

இனிமேதான் மெயின் வேலை, தண்ணி எந்த வழியா வந்துச்சுன்னு கண்டுபிடிக்கிறது. எல்லாரும் கண்ண மூடிக்கிட்டு "ஹெட் கேஸ்கட் போயிருச்சு"ம்பாங்க, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கிற அடைப்புத் தகட்ட சொல்றாங்க. கொஞ்சம் யோசிங்க. உங்க இன்ஜினுக்குள்ள ஓடுறது கடல் தண்ணியா, இல்ல ஹீட் எக்ஸ்சேஞ்சர் வச்சு உள்ள கூலண்ட்டு வெளிய கடல் தண்ணியா? ரெண்டாவதுன்னா, கேஸ்கட்டு போனாலும் லைனர சுத்தி இருக்கிற ரப்பர் ஓ ரிங்கு போனாலும் ஆயில்ல வர்றது கூலண்ட்டுதான், உப்பு வரவே வராது. உப்பு வந்திருக்குன்னா ஹெட்ட தூக்குறது வெட்டி வேலை, கடல் தண்ணி ஆயில தொடுற எடம் எதுவோ அதத்தான் பாக்கணும், அது ரெண்டோ மூணோதான் இருக்கும். கடல் தண்ணியே நேரா பிளாக்குக்குள்ள ஓடுற இன்ஜின்னா கேஸ்கட், ஹெட்டு வெடிப்பு, லைனர் ஓ ரிங்கு எல்லாமே சந்தேகக் கேஸுதான். அதுக்கு சம்ப்ப கழட்டிட்டு வாட்டர் ஜாக்கெட்டுல தண்ணி ரொப்பி லேசா பிரஷர் குடுத்து அடியில படுத்து டார்ச் அடிச்சுப் பாருங்க, ஓ ரிங்குன்னா லைனர் அடியில சொட்டும், ராத்திரி விட்டுட்டு காலையில பாத்தா இன்னும் நல்லா தெரியும்.

ஆயில் கூலர் கடல் தண்ணியில ஓடுறதா இருந்தா அதுதான் மொத திருடன். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. இன்ஜின் ஓடும்போது ஆயில் பிரஷர் தண்ணி பிரஷர விட ஜாஸ்தி, அதுனால கூலர்ல ஓட்டை விழுந்தா ஆயிலு கடலுக்கு போகும், போட்டு பின்னாடி வானவில் கலர்ல எண்ணெய் மெதக்கும், லெவல் கொறையும். அணைச்ச ஒடனே ஆயில் பிரஷர் பூச்சியம், கடல் மட்டத்துக்கு கீழ இருக்கிற இன்ஜினுக்குள்ள தண்ணி அதே ஓட்டை வழியா திரும்பி வரும். "ஓடுறப்ப ஆயில் கொறையுது, கட்டிப் போட்டா ஆயில் கூடுது"ன்னு ஒருத்தர் சொன்னா கூலரத்தான் கழட்டணும். ஒரு பக்கம் அடைச்சு இன்னொரு பக்கம் ரெண்டு பார் காத்து குடுத்து தொட்டியில முக்குங்க, பஞ்சர் கடையில டியூப் பாக்குற மாதிரி முட்டை வரும். ஒரு ஓட்டைய பத்த வச்சா அடுத்த ஓட்டை ரெடியா இருக்கும், டியூபு அரிச்ச கூலர மாத்துறதுதான் லாபம். பென்சில் மாதிரி ஜிங்க் கம்பி உள்ள இருந்தா பாதி கரைஞ்ச ஒடனே மாத்துங்க, அது கரையுற வரைக்கும்தான் உங்க டியூபு கரையாம இருக்கும்.

ரெண்டாவது, சைலன்சர் வழியா வர்றது, கடல் தண்ணிய சைலன்சர்ல கலந்து வெளிய தள்ளுற போட்டுகளுக்கு மட்டும்தான். ஸ்டார்ட் ஆகலன்னு திரும்ப திரும்ப செல்ஃப் அடிச்சா பம்பு தண்ணிய தள்ளிக்கிட்டே இருக்கும், வெளிய தள்ள பொகை இல்ல, ரொம்பி சிலிண்டருக்கே வந்துரும். செல்ஃப் அடிக்கிற வரைக்கும் வால்வ மூடி வச்சுட்டு இன்ஜின் பிடிச்ச ஒடனே தெறங்க. மேல பொகைக் குழாய் வச்ச நம்மூரு விசைப்படகுக்கு இந்த கவலை இல்ல.

மூணாவது, கியர்ல ஓடுற கடல் தண்ணி பம்பு. எங்க எதிர்சேவை இன்ஜினுக்கு இதுதான். அந்த பம்பு ஷாஃப்ட்டுல ரெண்டு சீல் இருக்கும், ஒண்ணு தண்ணி பக்கம் ஒண்ணு ஆயில் பக்கம், நடுவுல பாடியில சின்னதா ஒரு ஓட்டை. தண்ணி சீல் தேஞ்சா தண்ணி அந்த ஓட்டை வழியா வெளிய சொட்டணும்னுதான் கம்பெனிக்காரன் அத வச்சிருக்கான். நான் கழட்டிப் பாத்தா ஓட்டையில எம்-சீல அப்பி மேல பெயிண்டும் அடிச்சிருக்கு. போன் போட்டு கேட்டா டிரைவர் அண்ணன் "ஆமா தம்பி, சும்மா சொட்டிக்கிட்டே இருந்துச்சு, கீழ ஈரமாவே கெடந்துச்சு, நான்தான் அடைச்சேன்"ங்கிறாரு. வெளிய போக வழியில்லாத தண்ணி ஆயில் சீல தாண்டி இன்ஜின் கியர் இருக்கிற டைமிங் கேஸுக்குள்ள எறங்கி நேரா சம்ப்புக்கு போயிருச்சு. ரெண்டு சீலு காசுல முடிய வேண்டிய வேலை. உங்க பம்புல இந்த ஓட்டை எங்க இருக்குன்னு இன்னைக்கே தேடிப் பாருங்க, கிரீஸ், பெயிண்ட் அடைச்சிருந்தா கம்பி விட்டு குத்தி விடுங்க, சொட்டுச்சுன்னா சீல மாத்துங்க, ஷாஃப்ட்டுல சீல் உக்கார்ற எடத்துல பள்ளம் விழுந்திருந்தா புது சீலு போட்டும் நிக்காது, ஷாஃப்ட்டையும் பாத்துக்கங்க.

வடிச்ச ஆயில கடல்ல ஊத்தாதீங்கன்னு சொல்ல வேண்டியதில்ல. பழைய ஆயில் வாங்குறவங்ககிட்ட தனி கேன்ல, தண்ணி கலந்ததுன்னு சொல்லிக் குடுங்க. சென்ட்ரிங் பலகைக்கு தடவ கேட்டு வருவாங்க, குடுக்காதீங்க, இதுல உப்பு இருக்கு, கம்பிய அரிக்கும், யாரோ ஒருத்தன் கடன் வாங்கி கட்டுற வீடு.

வழிய அடைச்சு, கழுவி, ஆயில் சுத்தமா வந்த பெறகு மேனுவல்ல சொன்ன கிரேடு நல்ல ஆயிலும் புது ஃபில்டரும் போடுங்க. போட்ட நல்லா கயிறு கட்டி கியர்ல போட்டு லோடோட ஒரு மணி நேரம் ஓட்டுங்க, ஐடில்ல ஓட்டுனா சூடு ஏறாது, ஆயில் நல்லா காய்ஞ்சாத்தான் மிச்ச ஈரம் பிரீதர் (இன்ஜினோட மூச்சுக் குழாய்) வழியா ஆவியாப் போகும். அந்த ஆயில் புதுசா இருக்கேன்னு பாக்காம பத்து மணி நேரத்துல மாத்துங்க, அடுத்தது அம்பது மணி நேரத்துல, பெறகு வழக்கம் போல. ஒவ்வொரு தடவையும் தோசைக்கல்லுல ஒரு சொட்டு.

பாம்பன் இன்ஜினுக்கு லைனர், ரிங்கு, பேரிங், ரெண்டு சீலு போட்டு ஜூன் 14க்கு முன்னாடி ஏத்தி விட்டோம். டிரைவர் அண்ணன் இப்ப அந்த ஓட்டைக்கு கீழ ஒரு பழைய மாத்திரை டப்பாவ கம்பியில கட்டி விட்ருக்காரு. கரைக்கு வந்த ஒடனே அத போட்டோ எடுத்து அனுப்புவாரு, "தம்பி, காஞ்சு கெடக்கு"ன்னு.